எழுத்து தெரியாத ஊரில் தெருப்பலகையைப் படிப்பது எப்படி?

மொழி தெரியாத நகரத்தில் இறங்கியதும் பெரும்பாலோர் தெருப்பலகையில் எழுத்தைத்தான் தேடுகிறார்கள். எழுத்து புரியவில்லை என்றதும் பலகையே புரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பலகை எந்த வடிவத்தில் இருக்கிறது, என்ன நிறம், எங்கே மாட்டியிருக்கிறார்கள், அதில் என்ன எண் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எழுத்துக்கு வர வேண்டும். இந்த வரிசையில் பார்க்கப் பழகினால், ஓர் எழுத்துகூடத் தெரியாத ஊரிலும் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

கைபேசியில் வரைபடம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். உயரமான கட்டடங்கள் நெருங்கி நிற்கும் தெருக்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுச் சிதறும். நீங்கள் ஒரு தெருவில் நிற்க, திரையில் உள்ள புள்ளி அடுத்த தெருவில் நிற்கும். அப்போது உண்மையைச் சொல்லக்கூடியது சுவரில் இருக்கும் பலகைதான். தவிர, நீங்கள் காலெடுத்து வைக்கப்போகும் பாதை சைக்கிளுக்கு மட்டும் உரியது என்று வரைபடம் எச்சரிப்பதில்லை. பலகை எச்சரிக்கிறது.

எந்த ஊரானாலும் தெருவில் இருக்கும் பலகைகள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. சில கட்டளையிடுகின்றன: நில், நுழையாதே, நிறுத்தாதே. சில இடத்தைச் சொல்கின்றன: இது இன்ன தெரு, இது இத்தனையாம் எண். சில திசை காட்டுகின்றன: ரயில் நிலையம் இந்தப் பக்கம். புதியவர்களின் குழப்பத்தில் பெரும்பகுதி இவற்றை ஒன்றோடொன்று கலந்துகொள்வதால் வருவது. ஜெர்மனியில் ‘ஐன்பான்ஸ்ட்ராசே’ என்று எழுதிய பலகையைப் பல மூலைகளில் காணலாம். அதைத் தெருவின் பெயர் என்று குறித்துக்கொண்டால் திரும்பி வர வழியே கிடைக்காது. அது ஒருவழிப் பாதைக்கான அறிவிப்பு. அந்த எழுத்து ஓர் அம்புக்குறிக்குள்தான் இருக்கும். அம்பு வடிவத்துக்குள் எழுதியிருப்பது பெரும்பாலும் தெருவின் பெயராக இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவமும் நிறமும்

மொழி வேண்டாத பலகைகளை உருவாக்கும் முயற்சி மோட்டார் வாகனம் வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1909இல் பாரிசில் கூடிய ஐரோப்பிய நாடுகள் மேடு, வளைவு, குறுக்குச்சாலை, ரயில்வே கடவை ஆகிய நான்கு ஆபத்துகளுக்குப் பொதுவான படங்களை ஏற்றுக்கொண்டன. எல்லை தாண்டி ஓட்டுபவர் அந்த நாட்டு மொழி அறியாதவராகவும் இருக்கலாம், ஆனால் பள்ளத்தில் விழக்கூடாது என்பதே அதன் அடிப்படை. இன்று உலகின் பெரும்பகுதியில் காணும் பலகைகளுக்குத் தாய் ஒப்பந்தம் 1968இல் வியன்னாவில் கையெழுத்தாகி 1978இல் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் இலக்கணம் எளியது. சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கிறது. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடுக்கிறது. நீல வட்டம் ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று கட்டாயப்படுத்துகிறது. நீலச் சதுரமோ செவ்வகமோ தகவல் தருகிறது. நிறுத்தப் பலகைக்கு மட்டும் எட்டு மூலை, வழிவிடும் பலகைக்கு மட்டும் தலைகீழ் முக்கோணம். இந்த இரண்டு வடிவங்களையும் வேறு எதற்கும் தராமல் ஒதுக்கி வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு: பனி மூடினாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், எது என்று அடையாளம் தெரிய வேண்டும். சந்திப்பை நெருங்கும் ஓட்டுநர், குறுக்கே வருபவருக்கு நிற்கச் சொல்லும் பலகை இருக்கிறதா என்பதை அதன் முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். தடை என்றால் குறுக்குக் கோடு இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் பல தடைப் பலகைகளுக்குக் குறுக்குக் கோடே கிடையாது. வெள்ளைப் பின்னணியில் ஒரு சைக்கிள், சுற்றிலும் சிவப்பு வளையம்: அவ்வளவுதான் பலகை. குறுக்குக் கோடு இல்லையே, சைக்கிளுக்கு அனுமதி போலும் என்று நினைக்கத் தோன்றும். பொருள் நேர் எதிர்: சைக்கிள் இங்கே நுழையக்கூடாது. அந்தச் சிவப்பு வளையமே தடை. அதே சைக்கிள் நீல வட்டத்துக்குள் வெள்ளையாக இருந்தால் அந்தப் பாதை சைக்கிளுக்கே உரியது. நடப்பவர் அதில் நடக்கக்கூடாது. நீல வட்டத்தின் நடுவே நெடுக்காக ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் குழந்தையின் கையைப் பிடித்த பெண்ணும் மறுபக்கம் சைக்கிளும் இருந்தால், பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அவரவர் பக்கத்தில் போக வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலும் கோபன்ஹேகனிலும் சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்கும் பயணிகளுக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டே ஒருவர் வந்து நிற்பது அன்றாடக் காட்சி. அந்த மணியோசையில் நியாயம் இருக்கிறது.

சிவப்பு வளையத்துக்குள் எதுவுமே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தால், எந்த வாகனமும் நுழையக்கூடாது என்று பொருள். நீலப் பின்னணி, சிவப்பு வளையம், ஒரு சாய்ந்த கோடு என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக்கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டால், ஆளை இறக்கிவிடுவதற்காகக்கூட நிற்கக்கூடாது.

வியன்னா ஒப்பந்தத்தில் சேராத பெரிய நாடு அமெரிக்கா. அங்கே எச்சரிக்கைக்கு முக்கோணம் கிடையாது; மஞ்சள் வைரவடிவம். படத்தைவிட எழுத்துக்கு அங்கே இடம் அதிகம். ஜப்பானில் நிறுத்தப் பலகைக்கு எட்டு மூலை இல்லை, சிவப்பான தலைகீழ் முக்கோணம். 2017 முதல் புதிதாக வைக்கும் பலகைகளில் ஜப்பானிய எழுத்துக்குக் கீழே ‘ஸ்டாப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது.

நிறம் எல்லா இடத்திலும் ஒரே மொழி பேசுவதில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் விரைவுச் சாலைக்கான திசைப்பலகை நீலம். இத்தாலியில் அது பச்சை. அங்கே நீலம் என்றால் சாதாரண நெடுஞ்சாலை. ஒரு நாட்டில் பழகிய கண்ணோடு எல்லை தாண்டி வண்டி ஓட்டுபவர், கட்டணம் கேட்கும் சாலையில் தெரியாமல் ஏறிவிடுவது இதனால்தான். பழுப்பு நிறம் மட்டும் பல நாடுகளில் ஒரே வேலையைச் செய்கிறது: பார்க்க வேண்டிய இடங்களுக்கு வழி காட்டுகிறது.

பெயர்ப்பலகை எங்கே இருக்கும், எந்தத் தெருவைச் சொல்லும்?

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் பெயர்ப்பலகை கம்பத்தில் இராது. மூலைக் கட்டடத்தின் சுவரில், தலைக்கு மேலே, முதல் மாடி உயரத்தை ஒட்டி இருக்கும். கண் மட்டத்தில் தேடுபவர் அதைத் தவறவிட்டுவிடுவார். அமெரிக்க நகரங்களில் சந்திப்பில் ஒரு கம்பம், அதன் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பட்டைகள்.

அந்த இரண்டு பட்டைகளில் எது எந்தத் தெரு? பட்டை எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ, அந்தத் திசையில் ஓடும் தெருவின் பெயர்தான் அதில் இருக்கும். எனவே நீங்கள் ஒரு தெருவில் நடந்து சந்திப்பை நெருங்கும்போது, முகத்துக்கு நேரே நன்றாகப் படிக்க முடிகிற பெயர் நீங்கள் நடக்கும் தெருவின் பெயர் அல்ல. குறுக்கே ஓடும் தெருவின் பெயர். உங்கள் தெருவின் பட்டை உங்களுக்குப் பக்கவாட்டில், மெல்லிய விளிம்பாகத்தான் தெரியும். சுவரில் மாட்டிய பலகைக்கும் இதே கணக்குதான்: எந்தத் தெருவைப் பார்த்த சுவரில் இருக்கிறதோ, அந்தத் தெருவுக்கு உரியது. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொள்ளாமல் எதிர்த்திசையில் வெகுதூரம் நடந்துவிட்டு, ஊர்மேல் பழிபோடுகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது பெயரின் உடற்கூறு. பெயரில் ஒரு பகுதி ‘தெரு’ என்ற பொதுச்சொல்; மற்றது அந்தத் தெருவுக்கே உரியது. பிரெஞ்சில் ‘ரூ’, ஸ்பானியத்தில் ‘காயே’, இத்தாலியத்தில் ‘வியா’ என்று பொதுச்சொல் முன்னால் வரும். ஜெர்மனில் ‘ஸ்ட்ராசே’, ‘பிளாட்ஸ்’, ‘காசே’ என்று பின்னால் ஒட்டிக்கொள்ளும். துருக்கியிலும் பின்னால்தான். ஊருக்குள் நுழைந்ததும் நான்கைந்து பலகைகளைப் பார்த்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் துண்டு எது என்று கண்டுபிடியுங்கள். அதைக் கழித்தால் மீதி இருப்பதே நினைவில் வைக்க வேண்டிய பகுதி. ஆனால் முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது: ஜெர்மானிய நகரம் ஒன்றில் ‘கோத்தே ஸ்ட்ராசே’யும் ‘கோத்தே பிளாட்ஸ்’உம் வெவ்வேறு இடங்கள்.

பெயரைவிடப் பயனுள்ள செய்தி பலகையின் ஓரத்தில் சிறியதாக இருக்கும். பாரிசின் பெயர்ப்பலகை நீலம், பச்சை விளிம்பு, வெள்ளை எழுத்து. பெயருக்கு மேலே சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். 1 முதல் 20 வரை உள்ள நகரப் பிரிவுகளில் அது எத்தனையாவது என்று சொல்லும் எண். நகரின் நடுவிலிருந்து நத்தை ஓட்டைப் போலச் சுழன்று வெளியே போகும் வரிசை அது. ஒற்றை இலக்கம் பெரும்பாலும் நடுப்பகுதி. 19, 20 என்றால் விளிம்புக்கு வந்துவிட்டீர்கள். வியன்னாவில் தெருப்பெயருக்கு முன்னாலேயே வட்டார எண்ணை எழுதிவிடுகிறார்கள். 1 என்றால் பழைய நகரின் மையம்.

லண்டன் பலகைகளிலும் ‘எஸ்.டபிள்யூ. 3’ என்பதுபோல ஓர் அஞ்சல் குறியீடு உண்டு. எழுத்துகள் திசையைச் சொல்கின்றன, அது தென்மேற்கு. எண்ணை மட்டும் தூரம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 1 என்பது மையத்துக்கு அருகிலுள்ள பகுதி. அதற்குப் பிந்தைய எண்களை 1917இல் வட்டாரப் பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படி கொடுத்தார்கள். அதனால்தான் தொலைவிலுள்ள பிரிக்ஸ்டனுக்கு 2, மையத்தை ஒட்டிய செல்சீக்கு 3. லண்டனில் ஒரே பெயருள்ள தெருக்கள் பல உண்டு. குறியீட்டையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

எண்கள் பேசும் விதம்

எனக்குத் தெருப்பலகைகளில் மிகவும் பிடித்தது கதவு எண்தான். எழுத்து எதுவானாலும் எண்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த வடிவில் இருக்கின்றன. அவை ஒரு ஒழுங்கோடு நகர்கின்றன. அந்த ஒழுங்கைப் பிடித்துவிட்டால் திசைகாட்டி கையில் இருப்பதற்குச் சமம்.

பாரிசில் 1805இல் வகுத்த முறை இன்றும் நடக்கிறது. சேன் நதிக்குக் குறுக்காகச் செல்லும் தெருக்களில் நதிக்கு அருகிலுள்ள முனையிலிருந்து எண் தொடங்கும். நதிக்கு இணையாகச் செல்லும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையில் எண் ஏறும். எண் ஏறும் திசையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. ஆறாவது பிரிவில் உள்ள ‘ரூ த சேன்’ தெருவில் 40ஆம் எண் வாசலில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த கதவு 38, அதற்கடுத்தது 36 என்று குறைந்துகொண்டே வந்தால் நீங்கள் நதியை நோக்கி நடக்கிறீர்கள். யாரிடமும் கேட்க வேண்டாம்.

சியோல் இதைவிடத் துல்லியம். தென் கொரியா 2014 முதல் தெருப்பெயர் அடிப்படையிலான முகவரியை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. தெருவை 20 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இடப்பக்கத்துக்கு ஒற்றைப்படை எண்ணும் வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுத்தார்கள். ஆகவே எண்ணைப் பத்தால் பெருக்கினால், தெருவின் தொடக்கத்திலிருந்து அந்தக் கட்டடம் ஏறத்தாழ எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும் சாலையான கங்னம் தேரோ தொடங்கும் இடத்தில் உள்ள பலகையில் ‘1 → 699’ என்று இருக்கும். இங்கே தொடங்குகிறது, 6.99 கிலோமீட்டர் ஓடுகிறது என்று அந்தச் சின்ன அம்பு சொல்லிவிடுகிறது. பெயரின் கடைசி அசையும் வீணில்லை: ‘தேரோ’ என்றால் அகலமான பெருஞ்சாலை, ‘ரோ’ என்றால் நடுத்தரச் சாலை, ‘கில்’ என்றால் சிறு தெரு. ஒரு பலகையில் இத்தனை செய்தியை இவ்வளவு அடக்கமாக வைத்த நகரங்கள் குறைவு.

சிகாகோவில் 1909 முதல் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனை பூஜ்ஜியம். அங்கிருந்து நான்கு திசைகளிலும் மைலுக்கு 800 வீதம் எண் ஏறுகிறது. பெயரோடு சிறியதாக ‘200 மேற்கு’ என்பதுபோல எழுதியிருந்தால், பூஜ்ஜியத்திலிருந்து கால் மைல் மேற்கே அந்தத் தெரு இருக்கிறது.

எல்லா ஊரும் இப்படி ஒத்துழைப்பதில்லை. பெர்லினின் பழைய தெருக்கள் பலவற்றில் எண்கள் ஒரு பக்கமாகவே 1, 2, 3 என்று கடைசி வரை போய், மறுபக்கமாகத் திரும்பி வருகின்றன. எதிரெதிர் வாசல்களில் சின்ன எண்ணும் பெரிய எண்ணும் நிற்கும். உதவிக்காகவே பெயர்ப்பலகையோடு சிறு துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். இந்த மூலைக்கும் அடுத்த மூலைக்கும் இடையே எந்த எண் முதல் எந்த எண் வரை என்று அதில் இருக்கும். பிராகாவில் ஒரே வாசலில் இரண்டு எண் பலகைகள் உண்டு: சிவப்பில் உள்ளது பகுதிவாரிப் பதிவு எண், நீலத்தில் உள்ளது தெருவரிசை எண். நடந்து போகிறவர் நீலத்தைப் பின்பற்ற வேண்டும். வெனிசில் எண்கள் தெருவாரியாக இல்லை. ஆறு வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர், ஆயிரக்கணக்கில் ஓடும். அங்கே எண்ணை நம்பிப் பயனில்லை; சுவரில் மஞ்சளாக இருக்கும் ‘ரியால்டோவுக்கு’, ‘சான் மார்கோவுக்கு’ என்ற வழிகாட்டிப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

பாங்காக்கின் சுகும்வித் சாலையில் கிளைத்தெருக்களுக்கு எண்தான் பெயர். வடபக்கம் ஒற்றைப்படை, தென்பக்கம் இரட்டைப்படை. ஆனால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. 55ஆம் தெருவுக்கு ஏறக்குறைய எதிரில் இருப்பது 38.

ஜப்பானில் கேள்வியே வேறு. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பெயரும் எண்ணும் தெருக்களுக்கு இடையே உள்ள மனைத்தொகுதிக்குத்தான். மின்கம்பத்திலும் சுவரிலும் இருக்கும் சிறு பலகை நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்று சொல்லாது. எந்தத் தொகுதியின் ஓரத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். முகவரியில் 2-11-3 என்று இருந்தால், வட்டாரத்தின் 2ஆம் பகுதி, 11ஆம் தொகுதி, 3ஆம் கட்டடம். தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால் தொகுதி எண் மாறிவிடும். எனவே 11 என்ற பலகை கிடைத்ததும் நேராக நடக்காதீர்கள். அந்தத் தொகுதியைச் சுற்றி வாருங்கள். பெரிய சந்திப்புகளுக்குத் தனிப்பெயர் உண்டு. போக்குவரத்து விளக்கை ஒட்டித் தொங்கும் பலகையில் அது இருக்கும். ஜப்பானியர்கள் வழி சொல்லும்போது அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

இரண்டு பெயர், வேறு எழுத்து

பிரசல்ஸில் ஒரே பலகையில் பிரெஞ்சு, டச்சு என்று இரண்டு பெயர்கள் இருக்கும். இரண்டு தெருக்கள் அங்கே பிரிகின்றன என்று எண்ணிவிடக்கூடாது. ‘ரூ நெவ்’வும் ‘நியூஸ்ட்ராட்’டும் ஒரே கடைவீதிதான். நகரத்துக்கு வெளியே சிக்கல் கூடுகிறது. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் உள்ள சாலைப்பலகைகளில் பிரெஞ்சு நகரமான லீல், ‘ரெய்சல்’ என்று இருக்கும். மோன்ஸ் நகரம் ‘பெர்கன்’ ஆகிவிடும். அங்கே வண்டி ஓட்டப்போகிறவர் போகும் ஊரின் இரண்டு பெயர்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

எழுத்தே வேறாக இருக்கும் ஊர்களில் முழுச் சொல்லையும் படிக்க முயல வேண்டாம். போக வேண்டிய இடத்தின் பெயரை அந்த ஊர் எழுத்திலேயே பெரியதாக வைத்துக்கொண்டு, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் படமாகப் பாருங்கள். பலகையில் அந்த இரண்டும் பொருந்தினால் நடுவில் உள்ளவற்றை ஒப்பிடுங்கள். சீன நகரங்களில் நீண்ட சாலைகளைக் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று துண்டாக்கிப் பெயரிடுகிறார்கள். இந்த நான்கு எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு போனால், ஒரே பெயருள்ள சாலையின் தவறான முனையில் இறங்கும் துன்பம் மிச்சம். கற்க அரை மணி நேரம்கூட ஆகாது.

சின்னத் துணைப்பலகைகள்

பெரிய பலகைக்குக் கீழே தொங்கும் சின்னப் பலகையை யாரும் கவனிப்பதில்லை. அபராதம் விழுவது பெரும்பாலும் அதனால்தான். மேலே உள்ள கட்டளை யாருக்கு, எப்போது, எவ்வளவு தூரத்துக்குப் பொருந்தும் என்று சொல்வது அதுதான். ஸ்வீடனில் வண்டி நிறுத்தும் இடத்தில் மூன்று வரியில் வெறும் எண்கள் இருக்கும். கறுப்பில் ‘8–18’, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ‘(8–14)’, அதன் கீழே சிவப்பில் ‘10–14’. ஒரு கிழமையின் பெயரும் எழுதியிருக்காது. கறுப்பு எண் சாதாரண வேலை நாளுக்கு, அடைப்புக்குறி சனிக்கிழமைக்கும் விடுமுறைக்கு முந்தைய நாளுக்கும், சிவப்பு ஞாயிறுக்கும் விடுமுறைக்கும். இந்த முறையைத் தெரியாதவருக்கு அது புதிர். தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும்.

வேலை நடக்கும் இடங்களில் வைக்கும் தற்காலிகப் பலகைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அவை ஆரஞ்சு நிறம். ஜெர்மனியில் சாலையில் வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும் ஒன்றாக இருந்தால் மஞ்சள் கோட்டைப் பின்பற்ற வேண்டும். வெள்ளைக் கோடு அந்த வேலை முடியும் வரை செல்லாது.